விழுவதற்கு வந்த கிங்கொங்

கூகிளில் தமிழில் 'கிங்காங்' என்று அடித்துப் பார்த்தேன். முதலில் அந்தக் கறுத்தப் பெரிய குரங்கு வந்தது. அதற்குப் பிறகு 'அதிசய பிறவி' படத்தில் பிரேக் டான்ஸ் ஆடிய நடிகர் கிங்காங் வந்தார். எனக்குத் தேவையாக இருந்த ஆள் வரவே இல்லை. அவரைப் பிடிக்க ஆங்கிலத்தில், அதுவும் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டுத் தேட வேண்டியிருந்தது. எமில் சாயா. 1909இல் அந்தக் காலத்து ஒஸ்ரியா-ஹங்கேரிப் பேரரசில் பிறந்தவர். 1970இல் சிங்கப்பூரில், கார் விபத்தில் பட்ட காயத்தால் செத்துப்போனவர். இந்த இரண்டு வருஷத்துக்கும் இடையில் அவர் செய்த தொழில் ஊர் ஊராகப் போய் மல்யுத்தம் செய்வது.

எங்களுடைய தாத்தாமாரின் காலத்து ஆட்களிடம் 'கிங்கொங்' என்று ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். குரங்கைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். "ஓ, தாராசிங்கோடை அடிபட்டவன்!" என்பார்கள். எங்கள் தீவுகளில் இப்போதும் நல்ல உடம்புள்ள பெடியனைக் கண்டால் "தாராசிங் மாதிரி" என்பார்கள். உடம்பு கொஞ்சம் கூடிவிட்டால் "கிங்கொங் மாதிரி". இரண்டு பெயரும் உவமையாக மிஞ்சியிருக்கின்றன. ஆட்கள்தான் மறந்து போனார்கள்.

தாராசிங் முழுக்க மறக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1928இல் பஞ்சாபில் பிறந்து, இருபது வயதுக்குக் கிட்ட சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய், அங்கே ஹர்னாம் சிங் என்பவரிடம் தொழில் பழகியவர். 1954இல் 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்' பட்டம். 1959இல் கல்கத்தாவில் கொமன்வெல்த் பட்டம். 1968இல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தேஸை வென்றார். பிறகு சினிமா, பிறகு ராஜ்யசபா. எல்லாவற்றுக்கும் மேலே, 1987இல் தூரதர்சனில் வந்த ராமாயணத்தில் அனுமார். எங்கள் அம்மா சின்னப் பிள்ளையாக அதைப் பார்த்திருக்கிறா. ஆரோ ஒரு வீட்டில் ஜெனரேட்டர் போட்டு, அன்ரெனாவைத் தென்னைமர உயரத்துக்குக் கட்டி, புள்ளி புள்ளியாய்த் தெரிகிற படத்தில் அனுமார் வந்தபோது அம்மப்பா எழும்பி நின்று "உது எங்கடை தாராசிங்!" என்று கத்தினாராம். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த கிழவிகள் திரும்பி முறைத்தார்களாம்.

ஆனால் அம்மப்பாவின் ஆள் தாராசிங் இல்லை. இதைத்தான் நான் எழுத வந்தது.

அவர் நயினாதீவில் பிறந்து, பதின்நாலு வயதில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். தீவுப்பகுதிக் குடும்பங்களில் இது ஒன்றும் புதுக்கதை இல்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு, ஊர்காவற்றுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு தலைமுறை ஆம்பிளையள் தெற்கில்தான் உழைத்தார்கள். சுருட்டுக் கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை. சொந்தக்காரரின் கடையில் பெடியனாகப் போய் நிற்பது, மேசை துடைப்பது, மூட்டை தூக்குவது, பிறகு கல்லாவுக்கு வருவது, பிறகு முடிந்தால் சொந்தமாக ஒரு கடை. அம்மப்பா புறக்கோட்டையில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிற கட்டத்தில் இருந்தபோதுதான் மல்யுத்தம் பார்க்கப் போயிருக்கிறார். முதலாளியிடம் சம்பளத்தில் முற்பணம் வாங்கி ரிக்கெற் எடுத்தாராம். தாராசிங்கும் கிங்கொங்கும்.

அவர் சொல்லுகிற விதத்தில் அந்தக் கதையின் முக்கால்வாசியும் கிங்கொங்தான். அவர் எப்படி நடந்து வந்தார், சனத்தைப் பார்த்து எப்படிப் பல்லைக் காட்டினார், வயிற்றில் எப்படித் தட்டினார். எடை சுமார் இருநூறு கிலோ என்று சொல்வார்கள். அம்மப்பாவின் கணக்கு வேறு: "நாலு மூட்டை அரிசி பிள்ளை, ஒண்டா நடந்து வருது எண்டு நினை." தாராசிங் அந்த நாலு மூட்டையைத் தூக்கி, தலைக்கு மேலே பிடித்து, சுற்றிப் போட்டாராம். கடைசியில் இதைச் சொல்லும்போது அவர் தலையணையைத் தூக்கிக் காட்டுவார். அம்மம்மா உள்ளேயிருந்து பஞ்சு பறக்குது என்று கத்துவா.

நானும் தம்பியும் வளர்ந்தது வேறு மல்யுத்தத்தில். தம்பியிடம் ரெஸ்லிங் கார்ட்ஸ் ஒரு கட்டு இருந்தது. உயரம், எடை, ராங்க், எத்தனை போட்டி வென்றது என்று ஒவ்வொரு கார்ட்டிலும் இருக்கும். அதை வைத்து வகுப்பில் விளையாடிப் பிடிபட்டு, கார்ட் பறிபோய், திரும்பவும் காசு சேர்த்து வாங்கி... அந்தப் பரம்பரைக்குத் தெரியும். அண்டர்டேக்கர் வரும்போது லைற் அணையுமே, அந்த நேரத்தில் எங்கள் ஊரில் உண்மையாகவே கரண்ட் போய்விட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டைப்பிள்ளைக்கு உது என்ன பழக்கம் என்று கேட்ட ஆட்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அம்மப்பா எங்களோடு இருந்து பார்ப்பார். ஆர் வெல்கிறார்கள் என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. திடீரென்று "இவனுக்கு விழத் தெரியேல்லை" என்பார். அல்லது "ஆ, இவன் நல்லா விழுறான்." அடிக்கிறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சின்ன வயதில் இது எங்களுக்கு விசர்க் கதையாகத்தான் பட்டது.

கம்பஸ் வந்த பிறகு, 'ரெஸ்லிங் எல்லாம் பொய்' என்கிற விஷயத்தை என் வகுப்புப் பெடியள் என்னமோ தாங்களே கண்டுபிடித்தது மாதிரிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். 1989இலேயே அந்தக் கொம்பனி அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் செனற்றுக்குத் தாங்களே சொல்லிவிட்டார்கள், இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று. விளையாட்டுப் போட்டி என்றால் அரசாங்கத்தின் விளையாட்டு ஆணைக்குழுவின் கட்டுப்பாடும் வரியும் வரும். அதிலிருந்து தப்பத்தான் அந்த உண்மை. உலகத்தில் பல உண்மைகள் வரிக்குப் பயந்துதான் வெளியே வருகின்றன போல.

சரி, ஆர் வெல்வது என்பது முதலே முடிவு. அப்படியென்றால் எது பொய் இல்லை? தரை பொய் இல்லை. அந்த மேடை இரும்புச் சட்டத்தின் மேலே பலகை அடுக்கி, அதற்கு மேலே மெல்லிய பஞ்சு வைத்து, கன்வஸ் துணியை இழுத்துக் கட்டியது. அதில் முதுகு அடிபட விழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நாடியை நெஞ்சோடு ஒட்டவேண்டும், இல்லையென்றால் பின்மண்டை அடிபடும். முதுகின் மேல்பகுதி முழுக்க ஒரேயடியாகத் தரையில் படவேண்டும். அதே கணத்தில் இரண்டு கையையும் விரித்துத் தரையில் அடிக்கவேண்டும், அதிர்ச்சி பிரிந்து போவதற்கு. கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். கலைப்பீடத்தில் ஒரு நாடகப் பட்டறையில் மெத்தை போட்டு எங்களுக்கு விழப் பழக்கினார்கள். நான் எட்டுத் தரம் விழுந்தேன். முதுகு நாலு நாள் நொந்தது. அது மெத்தை. அதுவும் என்னுடைய எடையில். இருநூறு கிலோவோடு, பலகையில், கிழமைக்குப் பலமுறை, முப்பது வருஷத்துக்கும் மேலே விழுந்த ஒரு உடம்பை நினைத்துப் பார்க்க எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

அந்தப் பட்டறையில் இன்னொன்றும் விளங்கியது. ஒருவர் மற்றவரைத் தூக்குவது. என்னோடு படிக்கிற ஒருத்தி என்னைத் தூக்க முயன்றாள், முடியவில்லை. 'நீ பாய்' என்றார்கள். அவள் தூக்குகிற அதே நேரத்தில் நான் காலால் உந்தி எழும்பி, உடம்பை விறைப்பாக வைத்து, அவளுடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டேன். தூக்கிவிட்டாள்! பார்க்கிறவர்களுக்கு அவள் பலசாலி. நான் தூக்கப்பட்ட மூட்டை. உண்மையில் பாதி வேலை மூட்டையுடையது.

இதைத் தெரிந்துகொண்டு தாராசிங் கிங்கொங்கைத் தலைக்கு மேலே தூக்கின கதையைத் திரும்பவும் கேளுங்கள். தாராசிங்கின் பலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருநூறு கிலோவை அசைப்பதற்கே ஒரு பிறவி வேண்டும். ஆனால் தூக்கப்படுகிறவர் ஒத்துழைக்காவிட்டால் அந்த வித்தை நடக்காது. தான் எவ்வளவு பாரமோ அவ்வளவுக்கு மற்றவன் வீரன் என்று சனம் நம்பவேண்டும் என்பதற்காகத் தன்னுடைய பாரத்தைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிற வேலை அது. அதற்குப் பிறகு கைதட்டு முழுக்க மற்றவனுக்கு.

இந்தத் தொழிலின் பொருளாதாரமும் அப்படித்தான். ஒரு ஊரில் மல்யுத்தம் ஓடவேண்டும் என்றால் அந்த ஊர்ச் சனம் 'எங்கடை ஆள்' என்று சொல்ல ஒரு வீரன் வேண்டும். அவன் வீரன் என்று நிரூபிக்க, வெளியிலிருந்து ஒரு அரக்கன் வேண்டும். அரக்கன் முதலில் இரண்டு மூன்று பேரை அடித்து நொருக்கவேண்டும், சனத்துக்குப் பயம் பிடிக்கவேண்டும், கடைசியில் எங்கடை ஆளிடம் விழவேண்டும். பிறகு அரக்கனுக்கு அந்த ஊரில் வேலை இல்லை. இந்தியா, மலாயா, சிங்கப்பூர், இந்தோனேசியா, ஜப்பான் என்று எமில் சாயா சுற்றியது இப்படித்தான். ரிவி இல்லை, இன்ரநெற் இல்லை. ஒரு ஊரில் வாங்கின தோல்வி அவரோடு சேர்ந்து கப்பல் ஏறவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறங்கும்போது அவர் திரும்பவும் ஆரும் வெல்லமுடியாத கிங்கொங்.

ஜப்பானில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். 1955 நவம்பரில் தோக்கியோவில் ரிக்கிடோசான் என்பவர் கிங்கொங்கை வென்று ஆசியப் பட்டத்தை எடுத்தார். யுத்தத்தில் தோற்றுப் பத்து வருஷம். அமெரிக்கப் படைகள் நாட்டை ஆண்டுவிட்டுப் போய்க் கொஞ்சக் காலம்தான். அந்த நாட்களில் ரிக்கிடோசான் வெள்ளைக்கார மல்லர்களை அடிப்பதைப் பார்க்கத் தெருவில் வைத்த ரிவிக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். ஜப்பானின் மானத்தைக் காத்த வீரன்! அந்த வீரன் பிறந்தது கொரியாவில். அதைச் சனத்துக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார்கள். ஹங்கேரிக்காரர் ஒருவர் குரங்கின் பெயரில் வந்து, கொரியாக்காரர் ஒருவரிடம் விழ, ஜப்பான் வென்றுவிட்டது.

அந்தக் காலத்தில் ஆசியா முழுக்க இதற்கு ஒரு பசி இருந்திருக்கிறது. 47இல் இந்தியா, 48இல் இலங்கை, 57இல் மலாயா. சுதந்திரம் கிடைத்த ஊர்களிலெல்லாம் மேடையில் ஒரு வெள்ளைக்காரன் விழவேண்டியிருந்தது. உண்மையான வெள்ளைக்காரன் மரியாதையோடு கைகுலுக்கி, கொடியை இறக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான், அவனை ஒருவரும் அடிக்கவில்லை. அந்த அடியைச் சம்பளத்துக்கு வாங்க ஒரு ஆள் வந்தார். இது என்னுடைய விளக்கம்தான், ஆனால் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொழும்பில் அந்த இரவு சிங்களவர், தமிழர், முஸ்லிம் ஆட்கள் எல்லாரும் ஒன்றாக நின்று ஒரு பஞ்சாபிக்காகக் கத்தினதாக அம்மப்பா சொல்வார். 'எங்கடை ஆள்' என்பதற்குள் அன்றைக்கு எல்லாரும் இருந்திருக்கிறார்கள். அது 58க்கு முந்தியா பிந்தியா என்று ஒருமுறை கேட்டேன்.

"முந்தி. பிந்தி எண்டா நான் ராவிலை வெளிக்கிட்டிருக்க மாட்டன்."

58 கலவரத்தில் அவர் வேலை செய்த கடை உடைக்கப்பட்டது. திரும்பவும் போனார். கல்லாவுக்கு வந்தார், பங்குக்கு ஒரு கடை போட்டார். 83இல் அது எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கும்போது கையில் ஒரு சாரமும் கடைத் திறப்புக் கோர்வையும் இருந்ததாம். கடையே இல்லை, திறப்பு மட்டும். ஊரில் ஒரு சின்னக் கடை போட்டார். தொண்ணூற்றொண்டில் அதையும் விட்டுவிட்டு இடப்பெயர்வு. பிறகு யாழ்ப்பாணம், பிறகு வன்னி, பிறகு திரும்பவும் தீவு, திரும்பவும் ஒரு கடை. எங்கள் வீட்டில் இதை ஆரும் சோகக் கதையாகச் சொல்வதில்லை. கடைகளை எண்ணுவார்கள், அவ்வளவுதான். "அது மூண்டாவது கடை நேரம்" என்று அம்மம்மா காலத்தைக் கணக்கு வைப்பா.

எங்களுக்கு ரோலன் பார்த் படிப்பித்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து இருந்தேன். 1957இல் வந்த அவருடைய 'மித்தலஜீஸ்' புத்தகத்தின் முதல் கட்டுரையே மல்யுத்தத்தைப் பற்றியதுதான். பார்க்கிற சனத்துக்கு அது முதலே முடிவு செய்யப்பட்டதா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை, அவர்கள் பார்க்க வருவது வேதனையும் தோல்வியும் நீதியும் கண்ணுக்கு முன்னால் பெரிதாகத் தெரிவதை என்கிறார். இது எங்களுக்குப் பாரிஸிலிருந்து வரவேண்டிய செய்தி இல்லை. நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடிய எத்தனை ஊர்ச் சனம் பார்த்தது. அரிச்சந்திரன் சந்திரமதியை வெட்டப்போவதில்லை என்பது முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருந்த குழந்தைக்கும் தெரியும். வாள் ஓங்கும்போது அழாமல் இருந்த ஆள் உண்டா? அழுதுவிட்டு, அடுத்த மாதம் பக்கத்து ஊரில் போட்டால் அங்கேயும் போய் அழுவார்கள்.

பார்த் எழுதியது எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் கதிரையில் இருந்து பார்க்கிறார். சனம் எழும்பிப் போன பிறகு கிங்கொங் என்ன செய்தார், முதுகுக்கு ஆர் எண்ணெய் போட்டது, அடுத்த ஊருக்குப் பயணச் செலவை ஆர் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை. கூத்திலும் எங்கள் ஆட்கள் அரிச்சந்திரனைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். காலகண்ட ஐயராக நடித்தவர் விடியப்புறம் வேஷத்தைக் கழுவிவிட்டு, தேத்தண்ணிக் கடையில் "சண்டாளன் வாறான்" என்று பேச்சும் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கவேண்டியதுதான். வீரன், துரோகி என்ற இரண்டு வேஷத்தை மட்டும் வைத்துக்கொண்டு அரசியல் கதைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதற்கு மேலே நான் என்னத்தைச் சொல்ல.

தம்பியின் கார்ட் கட்டில் தோற்கிறவர்களுக்குக் கார்ட் இருக்கவில்லை. ஒருத்தரைப் பற்றி நான் பிறகுதான் அறிந்தேன், பரி ஹொரோவிற்ஸ். அமெரிக்காவில் வருஷக்கணக்காக ரிவியில் தோற்பதற்கென்றே இருந்த ஆள். இப்படிப்பட்டவர்களை அந்தத் தொழிலில் 'ஜொபர்' என்பார்கள், வேலைக்காரன் மாதிரி ஒரு சொல். ஆரும் தனக்குக் கைதட்டுவதில்லை என்பதால் அவர் தன்னுடைய முதுகில் தானே தட்டிக்கொள்வார். அதுதான் அவருடைய ஸ்ரைல். 1995இல் திடீரென்று ஒரு போட்டியில் வெல்ல விட்டார்கள். அறிவிப்பாளர் நம்ப முடியாமல் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்துகிற வீடியோவைத் தம்பிக்குக் காட்டினேன். வெல்வதும் அவர்கள் சொல்லித்தான் நடந்தது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் தம்பி கதிரையிலிருந்து எழும்பிவிட்டான்.

அம்மப்பாவிடம் நான் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவருடைய கடைசி வருஷங்களில், நான் முதலாம் வருஷம் முடித்து லீவில் குறிகட்டுவானில் படகேறி வந்திருந்த நேரம். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அறுபது வருஷமாக வைத்திருந்த ஒரு சாமானை நான் போய் ஏன் உடைக்கவேண்டும்?

"அம்மப்பா, அது முதலே கதைச்சு வைச்சுத்தான் அடிபடுறவை எண்டு உங்களுக்குத் தெரியுமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கம்பஸில் உதைத்தான் படிப்பிக்கிறாங்களா என்று இருந்தது.

"தெரியாமலே பிள்ளை. நான் கடையிலை நிண்டவன். காலமை முதலாளி அறைவார், ஒரு நிமிசத்திலை ஆள் வந்தா சிரிச்சுக்கொண்டு 'என்ன மாத்தயா வேணும்' எண்டு கேக்கோணும். எனக்கு நடிப்பு எண்டா என்னெண்டு தெரியாதே? அவன் எழும்பேக்கை பாத்தனான். சனம் எல்லாம் தாராசிங்கைச் சுத்தி. இவன் தனிய, கயித்தைப் பிடிச்சு, ஒரு முழங்காலை ஊண்டி, பிறகு மற்றதை ஊண்டி. அது நடிப்பில்லை. மூட்டை தூக்கினவனுக்குத் தெரியும், அது உண்மையா நோகுற முதுகு."

"அதுதான் உங்களுக்கு அவரைப் பிடிச்சதே?"

"பிடிச்சதெண்டு இல்லை. ஒரு இரக்கம். நான் வாசலடியிலை நிண்டனான், கிட்டத்தாலை போனவன். வேர்வை மணம்."

"பிறகு எங்கை போனவராம்?"

"எங்கை போறது, அடுத்த ஊருக்குத்தான். அங்கையும் விழோணுமெல்லே."